ஒரே வரைபடம், இரு அளவுகோல்கள்

“இ.சி.ஜி. எடுத்தாயிற்று டாக்டர், ஒன்றுமில்லையாம், வாயுத் தொல்லைதானாம்” என்று கூறியவாறு தாயாரையோ மனைவியையோ அழைத்து வரும் குடும்பத்தினரை எங்கள் இதயநோய்ப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கிறது. சில வேளைகளில் இருப்பதில்லை. அந்தச் சில வேளைகளைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

இதயத்தின் மின்னோட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. மாரடைப்பை அறிய நாங்கள் முதலில் நோக்குவது, வரைபடத்தில் எஸ்.டி. எனப்படும் பகுதி மேலெழுந்துள்ளதா என்பதை. மார்பின் வி2, வி3 இணைப்புகளில் நாற்பது வயதைக் கடந்த ஆணுக்கு 2 மில்லிமீட்டரும், இளைய ஆணுக்கு 2.5 மில்லிமீட்டரும் எல்லையாகும். பெண்ணுக்கோ எவ்வயதிலும் 1.5 மில்லிமீட்டரே எல்லை. ஆணின் அளவைக் கொண்டு பெண்ணின் தாளைப் படித்தால், கண்முன் உள்ள மாரடைப்பும் தப்பிவிடும். இரத்தக் கொதிப்பால் இதயச் சுவர் தடித்திருப்பதைக் காட்டும் கார்னெல் அளவீட்டிலும் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 20 மில்லிமீட்டர் என எல்லை வேறுபடுகிறது.

ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பும் காலத்தைக் காட்டுவது கியூ.டி. இடைவெளி. பருவமடைந்தபின் ஆண்களிடம் இது சற்றே குறுகுவதால், பெண்களிடம் நீண்டு காணப்படுகிறது. நாடித்துடிப்புக்கு ஏற்பத் திருத்திய அளவு ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லி வினாடியைத் தொட்டால் நீண்டதாகக் கொள்கிறோம். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் மனநல மருந்துகளும் இவ்விடைவெளியை மேலும் நீட்டக்கூடியவை. அதனால் எழும் ஆபத்தான துடிப்புக் கோளாறு பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கருவிதான் கணக்கிட்டு அச்சிடுகிறதே என்று சிலர் கேட்கலாம். கருவி நம்புவது நாம் உள்ளிடும் வயதையும் பாலினத்தையும். அவசரத்தில் அவ்விரு கட்டங்களும் வெறுமையாக விடப்படுவதை நாங்களே கண்டிருக்கிறோம். அவற்றை நிரப்பாமல் எந்த வரைபடமும் எடுக்கப்படலாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இது மருத்துவத் துறையினராகிய எங்கள் பொறுப்பு.

இதனால் பெண்களை வீணாக அச்சுறுத்த வேண்டும் என்பது பொருளன்று. ஓட்டப்பொறிச் சோதனையில் நோயின்றியே நோய்போலக் காட்டும் மாற்றங்கள் பெண்களிடம் அதிகம் தோன்றுகின்றன. உரிய அளவுகோல் நோயைத் தவறவிடாமல் காப்பதோடு, இல்லாத நோய்க்கு மருந்து உண்ணாமலும் காக்கும்.

குடும்பத்தினரிடம் எங்கள் வேண்டுகோள் சிலவே. ஒரு முறை எடுத்த இ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்றாகிவிடாது. நெஞ்சழுத்தம், மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகு வலி, காரணமற்ற வியர்வை, மிகுந்த களைப்பு ஆகியவை நீடித்தால், மீண்டும் இ.சி.ஜி.யும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் தேவையா எனத் தயங்காமல் கேளுங்கள். பழைய வரைபடங்களையும், உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் உடன் கொண்டு வாருங்கள். புதிய தாளைப் பழையதோடு ஒப்பிடுவதே பல வேளைகளில் உண்மையை உணர்த்துகிறது.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறியபின் உண்ணும் பெண்மணி, தன் வலியையும் கடைசியாகவே சொல்கிறார். அவர் சொல்லும்போதாவது, அவருக்குரிய அளவுகோலோடு நாம் செவிமடுப்போம்.