சுறா கிடைத்தது, படம் கிடைக்கவில்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, கேமராவில் உள்ள படங்களை அதில் ஏற்றுவது. ஏற்றியவுடன் மெமரி கார்டை அழித்துவிடுகிறோம். பின்னர் படத்தைத் திருத்தி, அதே பெயரில் சேவ் செய்கிறோம். இந்தப் பழக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. இதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு சுறா.

நான் தாம்பரத்தில் வசிப்பவன். விடுமுறை நாட்களில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நீலாங்கரைக்குச் சென்று, படகில் ஏறி ஸ்கூபா டைவிங் செய்வது வழக்கம். ஒரு நாள் கலங்கலான நீரில் திமிங்கலச் சுறா ஒன்று என்னைக் கடந்து சென்றது. ஆறு படங்கள் எடுத்தேன். பிளாஷ் போடவில்லை. போட்டால் நீரில் மிதக்கும் துகள்கள்தான் படம் முழுக்கப் பளிச்சிடும்.

வீட்டிற்கு வந்ததும் நீல நிறத்தைக் குறைத்தேன், முகம் மட்டும் பெரிதாகத் தெரியும்படி ஓரங்களை வெட்டினேன், சேவ் செய்தேன், கார்டை பார்மட் செய்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. திமிங்கலச் சுறாவின் உடலில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் நம் கைரேகை போன்றவை. ஒன்றின் புள்ளி அமைப்பு மற்றொன்றுக்கு இருக்காது. விண்மீன் படங்களை ஒப்பிட எட்வர்ட் க்ராத் 1986ல் வெளியிட்ட கணக்கு முறையை, ஜேசன் ஹோம்பெர்க், சாவன் அர்சூமானியன், பிராட் நார்மன் ஆகியோர் இந்தச் சுறாக்களுக்காக மாற்றி அமைத்து 2005ல் வெளியிட்டனர். அதன்படி கம்ப்யூட்டரே இரு படங்களை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே சுறாவா என்று கண்டறிய உதவுகிறது. இதற்குச் செவுளுக்குப் பின்னால் உள்ள பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும். நான் வெட்டி எறிந்தது அதைத்தான்!

இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள மீன் இது. அது எங்கெல்லாம் செல்கிறது என்பதை அறிய, நம்மைப் போன்றவர்களின் படமும் உதவும். என் படம் அழகாக இருக்கிறது. ஆனால் பயன் இல்லை.

எனவே சில யோசனைகள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். ஜிபிஎஸ் நீருக்கடியில் வேலை செய்யாது. எனவே கரைக்கு வந்ததும் இடத்தின் பெயரைக் குறித்து, போல்டருக்கு அதையே பெயராகத் தாருங்கள். ஒரிஜினல் பைலைத் தொடாமல், காப்பி எடுத்துத் திருத்துங்கள். வேறொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி வைத்த பின்னரே கார்டை அழியுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அளவு குறைந்து, எடுத்த தேதி போன்ற விவரங்களும் நீங்கிவிடும், டாகுமெண்ட்டாக அனுப்புங்கள்.

இவை டிஸ்க்கில் இடத்தை அடைக்குமே என்கிறீர்களா? டிஸ்க்கை இன்னொன்று வாங்கலாம். அந்தச் சுறா இன்னொரு முறை என் முன்னால் வருமா?