ஓடிப்போறவங்களுக்கு ஒரு போட்டோகிராஃபர்!

'ஓடிப்போய்க் கல்யாணம்'னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விடியற்காலை பஸ், கையில ஒரே ஒரு பை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல சாட்சிக் கையெழுத்துக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ், பின்னாடியே சுமோவுல துரத்துற மாமா!

பிரிட்டன்லயும் ஒரு காலத்துல இதே கதைதான். 1754-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, 21 வயசு ஆகாதவங்க பெத்தவங்க சம்மதம் இல்லாம இங்கிலாந்துல கல்யாணம் பண்றது கஷ்டமாயிடுச்சு. சட்டம் ஸ்காட்லாந்துக்குச் செல்லாதே! எல்லை தாண்டினதும் வர்ற க்ரெட்னா க்ரீன் கிராமத்துக்குக் குதிரை வண்டியில பறந்தாங்க. கொல்லன் பட்டறைப் பட்டடைதான் மணமேடை.

இப்போ அமெரிக்காவுல 'எலோப்மென்ட்'டுக்கு அர்த்தமே வேற பாஸ். பெத்தவங்களுக்குத் தெரிஞ்சேதான் 'ஓடுறாங்க'. மண்டபம், விருந்து, மொய் எதுவும் வேண்டாம். ரெண்டே பேர், மலை உச்சி, சூரிய உதயம். அதை மட்டும் படம் பிடிக்கிறதே ஒரு முழுநேரத் தொழில். ஐ.டி., நர்ஸிங், டீச்சிங்னு நல்ல வேலையை உதறிட்டு இதுக்கு வர்றவங்க உண்டு.

கேட்கவே ஜில்லுனு இருக்குல்ல? கொஞ்சம் பொறுங்க.

கொலராடோ மாநிலத்தை எடுத்துக்குங்க. அங்கே கல்யாணத்தை நடத்தி வைக்க பாதிரியாரோ பதிவாளரோ தேவையில்லை. சாட்சியும் தேவையில்லை. 35 நாளுக்குச் செல்லுபடியாகிற லைசென்ஸ் வாங்கி, ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. செல்ல நாயோட பாதத்தை மையில தொட்டு அதுல பதிக்கிற ஜோடிகளும் இருக்காங்க!

அப்போ அந்த மலையில மூணாவதா நிக்கிற ஒரே ஆள் யாரு? போட்டோகிராஃபர்தான். மண்டபக் கல்யாணத்துல ஒரு கேமரா சொதப்பினா, ஊர்ப்பட்ட செல்போன் இருக்கும். இங்கே இவர் கோட்டை விட்டா, அந்த நாளுக்கு வேற பதிவே கிடையாது. அதனாலதான் ரெண்டு கேமரா, ஒரே படத்தை ரெண்டு மெமரி கார்டுல எழுதற வசதி, குளிர்ல சீக்கிரம் தீர்ந்துபோற பேட்டரியை உள்பாக்கெட்டுல வெச்சுக் கதகதப்பா காப்பாத்தறதுன்னு இத்தனை ஜாக்கிரதை.

படம் எடுக்கிறது இதுல கொஞ்சம்தான். ராக்கி மலையில கோடைக்கால மதியம் இடி மின்னல் சகஜம். அதுக்குள்ள ஜோடியை உச்சியிலிருந்து இறக்கியாகணும். தேசியப் பூங்காவுக்குள்ள கல்யாணம்னா முன்கூட்டியே பெர்மிட் வாங்கணும். பூங்காவுக்குள்ள 12,183 அடி வரை ஏறுற ட்ரெய்ல் ரிட்ஜ் ரோடு, பனியால சாதாரணமா அக்டோபர் நடுவுல மூடினா மே கடைசியிலதான் திறக்கும். ரோடு மூடினாலும் வீட்டு வாடகை நிக்காதே!

இன்னொரு பெரிய இடி, இன்ஷூரன்ஸ். அமெரிக்காவுல பெரும்பாலும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோட ஒட்டினது. வேலையை விட்டா அதுவும் போச்சு. 20 பேராவது இருக்கிற கம்பெனின்னா, பொதுவா 18 மாசம் வரை அதே இன்ஷூரன்ஸைத் தொடரலாம். ஆனா கம்பெனி கட்டின பங்கையும் சேர்த்து முழு பிரீமியமும் நம்ம தலையில, மேல 2 சதவீதம் வரை கட்டணம்! கனவுக்குக் கணக்குப் போடறப்போ பலர் விட்டுடுற வரி இது.

அப்போ வேலையை விடவே கூடாதா? அப்படி இல்லை. கேலன் ரோவெல்னு ஒருத்தர். கலிஃபோர்னியாவுல பெர்க்லி நகரத்துல கார் ரிப்பேர் ஷாப் வெச்சிருந்தார். கிடைச்ச நேரமெல்லாம் மலை ஏறினார், படம் எடுத்தார். வருஷக்கணக்கா பழகின பிறகுதான் 1972-ல் ஷாப்பை வித்துட்டு முழுநேர போட்டோகிராஃபர் ஆனார். உலகம் கொண்டாடின மலைப் படங்கள் அதுக்கப்புறம் வந்தது. கவனிங்க... முதல்ல பழக்கம், அப்புறம்தான் ராஜினாமா.

இன்னொரு விஷயம். பழைய வேலை வேஸ்ட் ஆகாது. ப்ராஜெக்ட் மேனேஜரோட 'பிளான் பி', அக்கவுன்டன்ட்டோட கணக்குப் புத்தி, நர்ஸோட பதறாத மனசு... மழை வந்து மணப்பெண் அழறப்போ இதெல்லாம்தான் கை கொடுக்கும், லென்ஸ் இல்லை.

கேமராவோட கேம்பஸைச் சுத்தற மக்களே, மனசு 'விட்டுடு விட்டுடு'ன்னு சொல்றப்போ மூணு கேள்வி கேட்டுக்குங்க. சம்பளம் இருக்கும்போதே எத்தனை லீவு நாளை இதுக்குக் கொடுத்தேன்? வருமானமே இல்லாத அஞ்சாறு மாசத்தை எப்படி ஓட்டுவேன்? இன்னொருத்தரோட ஒரே ஒரு நாளை என்னை நம்பி ஒப்படைக்கலாமா?

மூணாவதுக்கு நேர்மையா 'ஆமா'ன்னு வந்தா, ராஜினாமா லெட்டரை டைப் பண்ண ஆரம்பிக்கலாம். அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டாவதை மட்டும் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்துடுங்க!