புகை வந்தால் வேகம் போய்விட்டது என்று அர்த்தம்



பெருநாள் நெருங்குகிறது. அதோடு கல்யாணங்களும் வரிசையாக வருகின்றன. இன்னும் சில நாட்களில் பிரதான வீதியிலும் கடற்கரை வீதியிலும் வாடகைக் கார்கள் நிற்கும். டயர் கிறீச்சிடும், புகை எழும்பும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், ஐந்து நிமிடத்தில் அந்த வீடியோ எல்லோருடைய போனிலும் ஓடும். அதற்கு முன்னர் ஒருதடவை நிதானமாகப் பேசிக்கொள்வோம்.

பாடசாலையில் படிப்பிக்கிற எங்களிடம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "சேர், பவர் கூடின ஓட்டோ காரை நின்ற இடத்திலிருந்து ஆகவும் வேகமாக எடுப்பது எப்படி?" இதற்கு நாங்கள் முகத்தைச் சுளித்தால் பிள்ளை போய் யூடியூப்பில் தேடும். ஆகவே பதில் சொல்லத்தான் வேண்டும். அதுவும் இது நல்லதொரு பௌதிகவியல் கேள்வி.

காரை முன்னால் தள்ளுவது உண்மையில் வீதிதான். சில்லு வீதியைப் பின்னால் தள்ள, வீதி சில்லை முன்னால் தள்ளுகிறது. நடுவில் இருப்பது உராய்வு மட்டும். அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. சில்லு மிகச் சிறிதளவு வழுக்கும்போது பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டிச் சும்மா சுழலத் தொடங்கினால் பிடி குறைந்துவிடும். பிறகு எஞ்சின் கொடுக்கிற சக்தியில் ஒரு பங்கு காரை நகர்த்தாமல் டயரைத் தேய்த்துச் சூடாக்குவதிலேயே போகிறது. நாம் கைதட்டுகிற புகை அதுதான். புகை கிளப்புகிறவர் வேகமாகப் போகவில்லை. போயிருக்க வேண்டிய வேகத்தை வீதியில் தேய்த்துவிட்டு நிற்கிறார்.

நமது வீதிகளில் ஓடுகிற சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சில்லால் இழுபடுகிறவை. திடீரென்று எடுக்கும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது, இழுக்கிற முன்சில்லின் பிடி இன்னும் குறைகிறது. கடற்கரை வீதியில் தாரின் மேல் எப்போதும் மணல் கிடக்கிறது. இந்த இடத்தில் எக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிப்பதால் வருகிற லாபம் சத்தம் மட்டுமே.

பிள்ளைகள் சொல்கிற "டெக்னிக்" இரண்டு. ஒன்று, இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வலது காலால் எக்சிலரேட்டரை மிதித்து, பிறகு பிரேக்கை விடுவது. வழமையான ஓட்டோ கியர் காரில் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் டோர்க் கன்வேட்டர் இருக்கிறது. ஒயிலுக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே நிற்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுழன்றால் ஒயில் மற்றதைச் சுழற்றும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதித்தால் ஒரு விசிறி சுழல, மற்றது நின்றுகொண்டிருக்கும். அந்தச் சக்தி முழுவதும் ஒயிலைச் சூடாக்கும். கராஜில் சோதனைக்காக இதைச் செய்யும்போதுகூட சில செக்கன்களுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றுதான் திருத்தும் கைநூல்களில் எழுதியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வீடியோ எடுப்பவர் "ரெடி" சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றது, நியூட்ரலில் எஞ்சினை உறுமவிட்டு, அப்படியே 'டீ'க்குத் தட்டுவது. இது டெக்னிக்கே அல்ல. கியர்பொக்ஸின் உள்ளே இருக்கிற கிளச் தட்டுகளைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். எத்தனை குடும்பங்கள் லீசிங் கட்டிக்கொண்டு கார் வைத்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். கியர்பொக்ஸ் போனால் யார் தலையில் விழும் என்பதும் தெரியும்.

ஹைபிரிட் கார்களில் இந்த வித்தைகளால் ஒன்றும் கிடைக்காது. அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் டோர்க் கன்வேட்டரே இல்லை. புதிய கார்கள் பலவற்றில் பிரேக்கையும் எக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதித்தால் கம்பியூட்டர் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும்.

உண்மையிலேயே பவர் கூடிய கார்களுக்கு என்ன நடக்கிறது? 2007இல் வந்த நிசான் ஜீ.டி.ஆர். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கார். ஆரம்பத்தில் வாங்கியவர்களில் சிலர் சில்லு வழுக்காமல் காக்கிற கட்டுப்பாட்டை அணைத்துவிட்டுப் பாய்ந்தபோது கியர்பொக்ஸ் உடைந்தது. பிறகு நிறுவனம் மென்பொருளை மாற்றி, புறப்படும் நேரத்தில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் குறைத்தது. இன்று 'லோஞ்ச் கன்ட்ரோல்' உள்ள எந்தக் காரை எடுத்தாலும் அது முக்கியமாகச் செய்கிற வேலை, சில்லு வழுக்காத அளவுக்குச் சக்தியை அடக்கிக் கொடுப்பது. ஆகவே பிள்ளைகளுக்கு எங்கள் பதில் இவ்வளவுதான்: 'டீ'யில் போடு, கட்டுப்பாட்டை அணைக்காதே, ஒரேயடியாக மிதிக்காமல் உறுதியாக, படிப்படியாக மிதி. மிச்சத்தைக் காரே பார்த்துக்கொள்ளும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பவும் திறக்கப்பட்ட பிறகு மின்சாரக் கார்களும் ஊருக்குள் வருகின்றன. மின்மோட்டர் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும். மிதித்தால் போதும், பாயும். அதில் ஓட்டுபவரின் திறமை என்று சொல்ல என்ன மிஞ்சியிருக்கிறது? காசு கொடுத்து வாங்கியவரின் பெருமை மட்டும்தான்.

இப்போது இந்தக் கணக்கை நம்முடைய வீதிக்குக் கொண்டுவருவோம். ஒரு கார் 3 செக்கனில் 50 கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது என்று வையுங்கள். அதற்குள் அது கடந்த தூரம் சுமார் 20 மீற்றர். சாதாரணமாக நடக்கிற ஒருவருக்கு 7 மீற்றர் அகலமான வீதியைக் கடக்க 5 அல்லது 6 செக்கன் வேண்டும். கையில் பை வைத்திருக்கிற உம்மம்மாவுக்கு அதைவிடக் கூட.

இங்கேதான் நாம் யோசிக்காத ஒரு விடயம் இருக்கிறது. ஓடிவருகிற காரைக் கண்டால் பிள்ளை நின்றுவிடும். நிற்கிற காரைக் கண்டால் கடக்கும். நாமே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்: "வாகனம் நின்றதைப் பார்த்துவிட்டுக் கட." நின்ற காரை ஒரு செக்கனில் பாய வைப்பவர், அந்தப் பிள்ளை நம்பிய ஒரே அடையாளத்தைப் பொய்யாக்குகிறார். 50இல் போகும்போது பிள்ளையைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போய், கார் நிற்பதற்குள் இன்னும் 35 மீற்றர் போய்விடும். மின்சாரக் கார் என்றால் எச்சரிக்கிற எஞ்சின் சத்தமும் இல்லை.

"நாங்கள் கவனமாகத்தான் செய்கிறோம்" என்று தம்பிமார் சொல்வார்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். அது பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள், அனுமதி பெற்ற பாதை, அதிகாரிகள் என்று எல்லாம் இருந்த இடம். ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. அங்கேயே அப்படி என்றால், ஒரு பக்கம் ஐஸ்கிறீம் வண்டியும் மறுபக்கம் பிள்ளைகளும் நிற்கிற எங்கள் வீதியில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

ஆகவே சில கோரிக்கைகள்.

வாப்பாமாரே, பெருநாள் அன்று மகன் எந்தக் காரில், யாரோடு போகிறான் என்று கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு பொலிஸில் போய் ஆள் பிடிக்க வேண்டாம். பந்தயமாக ஓட்டும்போது நடந்த விபத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் பணம் தராது என்பதையும் மனதில் வையுங்கள்.

வாடகைக்குக் கார் கொடுக்கிற சகோதரர்களே, இரண்டு நாள் வாடகைக்காக ஒரு கியர்பொக்ஸையும் ஓர் உயிரையும் பணயம் வைக்காதீர்கள்.

இதில் உண்மையான ஆர்வமுள்ள தம்பிமாரே, ஆர்வம் பிழையில்லை. கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் பல காலமாகப் பந்தயங்கள் நடக்கின்றன. அங்கே போய்ப் பாருங்கள். ஹெல்மட்டோடும் விதிகளோடும் ஓட்டப் பழகுங்கள். நமது விளையாட்டுக் கழகங்கள் கிரிக்கெட்டுக்கு பஸ் பிடிப்பதுபோல இதற்கும் ஒருநாள் ஒழுங்கு செய்யலாம்.

கடைசியாக, வீதியோரம் நிற்கிற நம் எல்லோருக்கும். நாம் கைதட்டாவிட்டால், போனை உயர்த்தாவிட்டால், அந்தக் கார் சும்மா புறப்பட்டுப் போய்விடும். இந்தப் பெருநாளில் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வோம்.