ஊர்விட்டேகலும் ஊர்மீளலும்

இந்நாளிலே நம் நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் கூடுமிடங்களிலெல்லாம் ஒரு முறையீடு கேட்கப்படுகின்றது. எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை யென்பதே அது. பட்டினத்திற் குடியேறிய இளைஞரோ, தங்குவதற்கு ஊரில் என்ன இருக்கின்றதென வினவுகின்றனர். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே யாம். மற்றைப் பாதி நிலத்தின் விலையிலே மறைந்து கிடக்கின்றது என்பது என் கருத்து. அதனை மரக்காணத்து உப்பளக் கரையிலுள்ள அனுமந்தையையும் அதன் சூழலையும் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

அனுமந்தை, விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலைமீது அமைந்த ஊர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கழுவெளி யென்னும் உவர்நீர்ப் பரப்பு. தென்னிந்தியாவில் பழவேற்காட்டு ஏரிக்கு அடுத்த பெருமையுடையதாகிய அக்கழுவெளி, 2021-ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. உப்பெடுத்தல், மீன்பிடித்தல், நெல்லும் மணிலாவும் சவுக்கும் பயிரிடுதல் ஆகியவை இக்கரையாரின் தொழில்கள்.

நெய்தல் நிலத்தார் ஊர்விட்டுச் செல்வது புதிய வழக்கமன்று. சங்கநூல்கள் கூறும் உமணரைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். அவர்கள் மனைவி மக்களோடும் வண்டி யெருதுகளோடும் உள்நாடு சென்று, உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிக்கொண்டு மீண்டனர். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் அவ்வண்டிகளின் இடத்தைப் பெற்றது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்திற் கூலிக்கு வந்தோரைக்கொண்டு சென்னை நகரினூடே வெட்டி யிணைக்கப்பெற்ற அக்கால்வாயின் தென்கோடி மரக்காணமே. உப்பும் விறகும் படகேறி வடக்கே சென்றன. படகோட்டிகள் ஊருக்குத் திரும்பினர். போக்கும் வரவும் ஒரு வட்டமாக இருந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வட்டம் முறிந்ததும் உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற கப்பலொன்று ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் முதன்முதலாக இறக்கிற்று. அதே ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ரெயூனியன் தீவுக்கும் ஆட்கள் அனுப்பப்பெற்றனர். 1882-இல் அஃது நிறுத்தப்பெற்றது. தென்னார்க்காடு, வடவார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களிலிருந்து அவ்வாறு சென்றோர் பலர். அவர்களுட் பெருந்தொகையினர் மீளவேயில்லை. அன்று ஊரைவிட்டுத் துரத்தியது பசி. ஊரிலே நிலம் மலிவு. ஆயின் மனிதனுடைய உழைப்பு அதனினும் மலிவு.

இன்று நிலை வேறு. பஞ்சத்தாற் செல்வோர் இக்கரையில் இல்லை. பொதுவிநியோக அங்காடியில் அரிசி கிடைக்கின்றது; பள்ளியில் உணவு கிடைக்கின்றது. எனினும் இளைஞர் செல்கின்றனர். ஏன்? முதற் காரணம் தொழிலின் பருவம். கடல்நீரின் உப்புச்செறிவு போமே அளவையில் ஏறக்குறைய மூன்றரைப் பாகை. அதனைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, இருபத்தைந்து பாகையை எட்டச் செய்தாலன்றி உப்பு விளைவதில்லை. ஆதலின் இத்தொழில் முற்றும் கதிரவனுக்கு அடிமை. தைமாதந் தொடங்கிப் புரட்டாசி வரை வேலை. ஐப்பசி மழை தொடங்கினாற் பாத்திகள் மூழ்கிவிடும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. மழைக்கால நிவாரணமாக அரசினர் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் வழங்குகின்றனர், வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு குடும்பம் மூன்று திங்கள் உண்ண அது போதாது. வெயிலிற் கூசுங் கண்ணும், உவர்நீரில் வெடித்த பாதமும் உடைய தந்தை, தன் மகன் அத்தொழிலுக்கு வருதலை விரும்புவானல்லன். அவனே மகனைப் படிக்கவைத்து அனுப்புகின்றான். எனவே, பிள்ளைகள் ஊரை வெறுத்து ஓடுகின்றனர் என்னும் பழி பொருந்தாது.

பெண்மக்களைப்பற்றியும் ஈண்டு ஒரு சொல். மணமாகி வேற்றூர் சென்ற மகளைக் குறித்து, ஊரைவிட்டுப் போனாளென யாரும் குறைகூறுவதில்லை. வேலையின்பொருட்டுச் செல்லும் மகனைக் குறித்தே அம்முறையீடு எழுகின்றது. ஊரின் இழப்பு இரண்டிலும் ஒன்றே யன்றோ?

இரண்டாங் காரணம் இதனினும் நுட்பமானது. 2000-ஐ யொட்டிய ஆண்டுகளிற் கிழக்குக் கடற்கரைச் சாலை செப்பனிடப்பெற்றது. அனுமந்தையிற் சுங்கச்சாவடியும் நிறுவப்பெற்றது. அதுவரை சவுக்குத் தோப்பாகவும் மணல்மேடாகவும் கிடந்த நிலத்துக்குச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வாங்குவோர் வந்தனர். வேலியிட்ட மனைப்பிரிவுகளும், விடுமுறையிற் றங்கும் மாளிகைகளும் எழுந்தன. சாலை நன்மை செய்யவில்லை யென்று கூறுவேனல்லேன். பிணியாளரை விரைவாக மருத்துவமனை சேர்ப்பதும், மாணவரைக் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்வதும் அச்சாலையே. ஆனால் அது நிலத்தின் விலையைப் பட்டினத்து வருவாயோடு பிணித்துவிட்டது. நிலத்தில் வாழ்வோர் வருவாயோ உப்புப் பாத்தியிலேயே நின்றுவிட்டது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சதுர அடி 500 ரூபாயென மிகக் குறைவாகவே கொள்வோம். 1,200 சதுர அடியுள்ள அரை மனைக்கு 6 லட்சம் ரூபாய் ஆகும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக நூற்றுக்கு 9 வீதம். அது 54,000 ரூபாய். நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் ஆண்டில் 200 நாள் உழைக்குந் தொழிலாளி, ஒரு வேளையும் உண்ணாமற் சேர்த்தாலும் ஆறரை யாண்டு கழிந்தே அம்மனையைப் பெறுவான். வீடு கட்டுவது அதன் பிறகு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பழமொழி. இங்கோ எலிக்கு வளை தோண்ட மண்ணே அகப்படவில்லை.

இனி, பட்டினஞ் சென்றவன் நிலையைக் காண்போம். மாதம் 20,000 ரூபாய் பெறுவோன் ஒருவன் வாடகைக்கு 8,000-மும், உணவுக்கும் வழிச்செலவுக்கும் 7,000-மும் செலவிடுவானாயின், எஞ்சுவது 5,000. ஒன்றுங் குறைக்காமற் பத்தாண்டு சேர்த்தால் 6 லட்சம். மேற்கூறிய மனையின் விலை அதுவே. ஆனால் அப்பத்தாண்டில் மனையின் விலை அவனுக்காகக் காத்து நிற்குமோ? அவன் நடக்கின்றான், விலை ஓடுகின்றது. இவ்வாறு ஊரில் இடம் வாங்கவென்றே ஊரைவிட்டுச் சென்றவன், சென்றமையாலேயே ஊரில் இடமற்றவனாகின்றான். இதுவே இக்காலத்துப் பிரிவின் உள்ளியல்பு.

இஃது அனுமந்தைக்கு மட்டும் உரிய துன்பமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த ஹவாயித் தீவுகள் அழகிற் பெயர்பெற்றவை, விலைவாசியிலும் அங்ஙனமே. 2020-ஆம் ஆண்டு எடுத்த குடிமதிப்பில், ஹவாயிப் பழங்குடியினருட் பாதிக்கு மேற்பட்டோர் தம் தீவுகளுக்கு வெளியே வாழ்வது தெரியவந்தது. கடற்கரையை விரும்பி வந்தோர் கொடுத்த விலையைக் கடற்கரையிற் பிறந்தோர் கொடுக்கவியலவில்லை. செல்வம் மிக்க கலிபோர்னியா மாநிலமும், அதே கணக்கெடுப்பின்பின் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பேரவை யிடங்களுள் ஒன்றை இழந்து 53-இலிருந்து 52 ஆயிற்று. வேலையும் வளமும் நிறைந்த இடத்தையும் வீட்டுவிலை பொறாது மக்கள் விடுகின்றனர் என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி. ஆதலின் வேலை கொணர்ந்தால் மட்டும் மக்கள் தங்கிவிடுவர் என்னுங் கருத்துப் போதாது.

சென்றோருள் மீள்வோரும் உளர். பெற்றோரின் முதுமை சிலரை யழைக்கின்றது. வாடகை கொடுத்துக் களைத்துச் சிலர் வருகின்றனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றபொழுது, நாடெங்கும் தொழிலாளர் நடந்தும் ஊர் திரும்பியதைக் கண்டோம். இடுக்கண் வந்தபோது மனிதன் எங்கே செல்ல விழைகின்றானோ அதுவே அவன் ஊர். வருவாய்க் கணக்கில் வராத பொருளொன்று ஊரில் உண்டு. கடன் கேட்டால் முகமறிந்து கொடுப்போரும், நோயுற்றாற் கஞ்சி கொணர்வோரும், இறந்தாற் றோள் கொடுப்போரும் அப்பொருள். ஆனால் இம்மீட்சி யெல்லாம் தந்தைக்கு ஒரு கூரை இருந்தாலன்றி இயலாது. கூரையுள்ளவன் தோற்றாலும் திரும்புகின்றான்; கூரையில்லாதவன் வென்றாலும் திரும்பவியலான்.

நிலவிலை யுயர்ந்தால் ஊராருக்கே யன்றோ ஊதியம் என்பாரும் உளர். பட்டா உடையார்க்கு அஃது உண்மை, அவர்க்கும் ஒருமுறையே. விற்ற பணம் மகளின் திருமணத்திலும் மருத்துவத்திலும் கரைந்தபின், விற்ற நிலத்திற்கே காவலாளாக நிற்றல் நேரக்கூடும். உப்பளத் தொழிலாளிக்கோ விற்க ஒன்றுமில்லை. அவன் வாரும் பாத்தி அவனுடையதன்று. விலையேற்றத்தில் அவனுக்குக் கிடைக்கும் பங்கு, அதன் சுமை மட்டுமே.

அனுமந்தைக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமொன்று உள்ளது. அங்கு வாழ்வோர் ஊரைவிட்டது விலைவாசியாலன்று, போராலாகும். ஊர் என்பது விலையிட்டு அளக்கப்படும் மனை மாத்திரமன்று என்பதை அவர்களுடைய நெடுங்காத்திருப்பு நமக்கு உணர்த்தும். போரின்றியே தம் மக்களை அந்நிலைக்குக் கொணரும் ஊர் இரங்கத்தக்கதே.

இனிச் செய்யத்தக்கன யாவை? முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் வாழும் நிலமற்ற குடிகளுக்கு அவ்வூரிலேயே வீட்டுமனை வழங்கப்பெறல் வேண்டும். பட்டா குடும்பத் தலைவியின் பெயராலும் அமைதல் நன்று. அம்மனை உடனே கைமாறாதபடி காலவரையும் வேண்டும். இல்லையேல் ஈராண்டில் அதுவும் வேலிக்குட் சென்றுவிடும். இரண்டாவது, உப்பு விளையுமிடத்திலேயே அதன் பயனும் விளைதல் வேண்டும். அயோடின் சேராத உப்பை உணவுக்கென விற்றல் 2006-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தடுக்கப்பெற்றுள்ளது. விளைந்த உப்பைத் தூய்மை செய்தலும், அயோடின் சேர்த்தலும், பொட்டலமிடுதலும் தொழிலாளர் கூட்டுறவுகளின்மூலம் இக்கரையிலேயே பெருகுமாயின், மழைத் திங்களிலும் வேலை கிடைக்கும். மூன்றாவது, மழைக்கால நிவாரணம் வேலையிழந்த நாட்களின் அளவை நோக்கி உயர்தல் தகும்.

நான்காவது நம்மைச் சார்ந்தது. கல்லூரி மாணவர் விடுமுறையில் ஊர் சென்று, மனையில்லாக் குடும்பங்கள் எத்தனையெனக் கணக்கெடுத்தல் இயலாத செயலன்று. விண்ணப்பம் எழுதத் தெரியாமையாலேயே பட்டா இழந்து நிற்போர் உளர். ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, அதனைப் பின்றொடர்ந்து வட்டாட்சியர் அலுவலகம்வரை செல்லும் மாணவன், மேடையில் ஊர்ப்பற்றைப்பற்றி ஒருமணி நேரம் முழங்குவோனினும் மிக்கவன். பட்டினத்தில் நன்னிலையிலுள்ள பழைய மாணவரும், கடற்கரையில் மனை வாங்குமுன் ஒன்று கருதுவாராக: ஆண்டிற் பத்து நாள் தங்கும் வீட்டிற்காக நாம் கொடுக்கும் விலை, ஆண்டு முழுதும் அங்கு வாழ்வோர் கொடுக்கவேண்டிய விலையாகின்றது.

மாணவ நண்பர்களே! கடல் கடந்தும் பொருளீட்டுக வென்று நம் முன்னோர் கூறினர். ஆதலின் செல்லுதல் குற்றமன்று. சென்று மீளாமையும் அவரவர் விருப்பமாயிற் குற்றமன்று. மீள விரும்புவோன் மீளவியலாதபடி அவன் பிறந்த மண்ணை விலையேற்றி வைத்தலே குற்றம். இளைஞரைத் தடுத்து நிறுத்தும் ஊர் சிறையை யொக்கும். அவரைத் திரும்ப ஏற்கவியலாத ஊர் சத்திரத்தையும் ஒவ்வாது, சத்திரத்தில் வழிப்போக்கனுக்கேனும் இடமுண்டாதலின். உமணரின் வண்டி போலச் சென்று மீளும் உரிமை, அனுமந்தையிற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைத்தல் வேண்டும். அதற்கு அக்குழந்தையின் பெயரால் ஊரில் அரை மனை நிலமேனும் இருத்தல் வேண்டும்.