வைஃபை வரலையா? லினக்ஸைத் திட்டாதீங்க!

2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் லினக்ஸைப் பார்த்ததே அதில்தான் இருக்கும். கெர்னலைப் புதுப்பித்ததும் வைஃபை போனால், "லினக்ஸே இப்படித்தான்" என்று விண்டோஸுக்கு ஓடுகிறார்கள். அநியாயம்!

2.0-ல் கெர்னல்டி, 2.2-ல் கேமாட், 2.6-ல் யூடெவ் என்று வழிதான் மாறியது. மாட்யூல் தானாக ஏறுவது நிற்கவில்லை. ஆனால் மோட்ப்ரோப் தேடுவது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு எண் போட்ட அடைவில் மட்டும். பழைய பதிப்புக்கென்று தொகுத்த டிரைவர் அங்கே எப்படி இருக்கும்? மூலநிரலைக் கெர்னலில் சேர்க்காத தயாரிப்பாளரை யாரும் கேட்பதில்லை. டிகேஎம்எஸ் இருக்கிறதே என்பார்கள். மறுபடி தொகுக்க அதற்கும் மூலநிரல் வேண்டாமா? மொத்தமாக வாங்கும் அரசாவது, டிரைவர் கெர்னலிலேயே இருக்கணும் என்று டெண்டரில் ஒரு வரி எழுதட்டும்.