தொரட்டியும் துவர்ப்புத் தழையும்

ஆடு மேய்க்கிறவர் தோள்ல தொரட்டியைப் பார்த்துட்டா போதும், கார்ல போற நம்ம மக்களுக்கு எங்கிருந்தோ மரப்பாசம் பொங்கிடும். "மரத்தை மொட்டையடிக்கிறான் பாரு"ன்னு. கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை பக்கம் இதை நிறைய தடவை கேட்டாச்சு. அந்தத் தொரட்டிக்காரர் கட்சி பேசத்தான் இந்தப் பதிவு.

கருவேலங்காய், நாவல் தழை இதுலல்லாம் நாக்கை இழுக்குற துவர்ப்பு இருக்கே, அதுதான் டானின். ஆவாரம்பட்டையில இருக்குறதும் அதே. அந்தப் பட்டையை வெச்சுத்தான் நம்ம ஆளுங்க காலங்காலமா தோல் பதனிட்டாங்க. தோல்ல இருக்குற புரதத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிற சாமான், செம்மறி வயித்துலயும் அதையேதான் பண்ணுது. முதல் இரைப்பையில நுண்ணுயிருங்க சூறையாடாம புரதத்தைப் புடிச்சு வெச்சு, நாலாவது இரைப்பையில அமிலம் பட்டதும் விட்டுடுது. சிசிலியில பால் கறக்குற செம்மறிங்களை சுல்லாங்கற துவர்ப்புப் பயிர்ல மேய விடுறது இதனாலயும்தான். நம்ம பக்கத்து மெட்ராஸ் ரெட் கறி ஆடு, யாரும் கறக்குறதில்லை. ஆனா தாய்க்குப் பால் வத்தினா அடி வாங்குறது குட்டி.

அளவு முக்கியம். தீவனத்தோட உலர் எடையில டானின் 2லேர்ந்து 4 சதவீதம் வரை நல்லது. 5 தாண்டினா தீனி எடுக்காது, இளைச்சுடும். வெள்ளாடு கொஞ்சம் கூடுதலாத் தாங்கும், செம்மறி தாங்காது. அதனால மேய்ச்சலுக்கு மேல ரெண்டு கை தழை, அவ்ளோதான்.

இன்னொண்ணு, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில ஈரப் புல்லோட அடியில புழுக்குஞ்சு ஏறி நிக்கும். அது உள்ள போய் ரத்தம் உறிஞ்சினா கண் இமை உள்பக்கம் வெளுத்து, தாடைக்குக் கீழ நீர் கோத்துக்கும். அடிக்கடி மருந்து ஊத்தி ஊத்தி புழுவுக்கே மருந்து பழகிட்டு வருது. உயரத்துலேர்ந்து ஒடிச்ச தழையில புழுக்குஞ்சு கிடையாது. போதாக்குறைக்கு டானின் புழுவையும் ஓரளவு அடக்கும்.

சரி, தழைக்கு எங்க போறது? தேர்வாய் கண்டிகையில ஆயிரம் ஏக்கருக்கு மேல மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போச்சு. ஊர்க்காரங்க எவ்வளவோ போராடினாங்க. 2009-ல டயர் கம்பெனி ஒப்பந்தமும் போட்டாச்சு. மேய்ச்சலைப் புடுங்கிட்டு, மிச்ச மரத்துல கை வைக்காதேன்னா எப்படிங்க?

ஆலைங்க நடுற பசுமை வளையத்துல ஒடிச்சுக்கட்டும்னு சொல்லலாம். எனக்கு அது சரிப்படலை. இரும்பு உருக்குற இடத்துத் தழையில என்னென்ன தூசி படிஞ்சிருக்குமோ! சிப்காட்டை விட்டுத் தள்ளி இருக்குற ஏரிக்கரையில கருவேலம், நாவல், வாகை நடட்டும். ஆட்டுக்காரங்க முறை வெச்சு, வருஷத்துக்கு ஒரு பக்கமா கிளை கழிச்சுக்கட்டும். பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டா முடியுற வேலை.

உங்க ஊர்ல செம்மறிக்கு எந்தத் தழை ஒடிக்கிறாங்க? தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்க :-)