சிறைப் பதிவேட்டில் சாதிக்கு என்ன வேலை?

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டச் சிறைக்குத் திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்டார் ஓர் இளைஞர். என்ன குற்றம் என்று கேட்ட காவலர், அடுத்து என்ன சாதி என்று கேட்டார். பட்டியல் சாதி என்று தெரிந்ததும் அவருக்கான வேலை முடிவாகிவிட்டது. கக்கூஸ் கழுவ வேண்டும். அடைத்துக்கொண்ட செப்டிக் டேங்குக்குள்ளும் அவர்தான் இறங்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவர் விசாரணைக் கைதிதான். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை.

இதை 2020 டிசம்பரில் ‘தி வயர்’ இணைய இதழில் எழுதியவர் செய்தியாளர் சுகன்யா சாந்தா. ஏதோ ஒரு சிறையில் யாரோ ஒரு காவலர் செய்த அக்கிரமம் என்று எழுதி நிறுத்தியிருந்தால், ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்திருப்போம். அவர் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளைத் தேடிப் பிடித்துப் படித்தார். அக்கிரமம் அங்கே விதியாகவே அச்சாகியிருந்தது. சமையலுக்குப் பிராமணரோ உயர்சாதி இந்துவோ வேண்டும் என்றது ராஜஸ்தான் விதி. துப்புரவுக்கு எந்தெந்தச் சாதியிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று பெயர் சொல்லி வைத்திருந்தது மேற்கு வங்கம். சாதாரணச் சிறைத்தண்டனை பெற்றவருக்கு இழிவான வேலை தரக்கூடாது என்று சொன்ன உத்தரப் பிரதேசக் கையேடு, அந்த வேலைக்குப் ‘பழக்கப்பட்ட’ சமூகத்தவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பை மறுத்தது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் இந்த வரிகள் உயிரோடு இருந்தன. இவை ரகசிய ஆவணங்களும் அல்ல. அதிகாரிகள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் என்று எத்தனையோ பேரின் மேசையில் கிடந்தவை.

செய்தி வந்ததும் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த மாநிலம் விதியைத் திருத்தியது. மற்ற பல மாநிலங்கள் அசையவில்லை. சுகன்யாவே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 அக்டோபர் 3 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த விதிகளைச் செல்லாது என்று அறிவித்தது. மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்த வேண்டும், கைதிகளின் பதிவேடுகளில் சாதிக்கான கட்டமே இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது.

வடநாட்டுச் சங்கதி என்று நாம் நிம்மதி அடைய வழியில்லை. அந்த வழக்கில் பாளையங்கோட்டை மத்தியச் சிறையின் பெயரும் இருக்கிறது. தேவர், நாடார், பள்ளர் என்று கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்துவைப்பது அங்கே நடைமுறையாக இருந்தது. சாதி மோதலைத் தவிர்க்கத்தான் இப்படி என்ற அரசின் விளக்கத்தை, அருள் என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. சிறைக்குள் ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்காகச் சாதிச் சுவர் எழுப்ப முடியாது.

சிறைக்குள் மோதல் வரும் என்ற அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறைக்குள் விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். ஆனால் அந்தச் சாவு எதைக் காட்டுகிறது? சாதிவாரியாகப் பிரித்துவைத்த சிறையிலேயே ஓர் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை என்பதைத்தானே? போதுமான காவலர்கள், யாரிடமிருந்து யாருக்கு ஆபத்து என்று ஆளுக்கு ஆள் பார்த்து அறை ஒதுக்கும் அக்கறை, புகார் வந்த அன்றே விசாரணை: இவைதான் உயிரைக் காக்கும். முன்விரோதம் உள்ள இருவரைப் பிரித்துவைப்பது பாதுகாப்பு. ஒரு சமூகத்தையே ஒரு பகுதியில் அடைப்பது, ஊரில் உள்ள சேரியையும் தெருவையும் சிறைக்குள் மறுபடி கட்டுவது.

தீர்ப்பு இன்னொன்றையும் தொட்டது. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சுதந்திரத்துக்குப் பின் ஒழிந்த பிறகும் கையேடுகளில் வேறு பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாடோடிச் சமூகத்தவர், சீர்மரபினர் என்றாலே வாடிக்கைக் குற்றவாளி என்ற சந்தேகம். மக்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்த அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920-ல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களின் மண் இது. பிறப்பை வைத்துக் குற்றம் சாட்டுவதன் வலி தென்மாவட்டங்களுக்குப் புதிதல்ல.

தீர்ப்பு வந்தாயிற்று. சுற்றுமதிலுக்கு உள்ளே அது நடக்கிறதா என்று யார் பார்ப்பது? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கை மேலிடத்துக் கோப்புக்குள் போய் முடங்கக்கூடாது. மாவட்டவாரியாகப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். பார்வையாளர் குழுவில் அலுவல்சாராத உறுப்பினர்களின் இடங்களைக் காலியாக விடக்கூடாது. கட்சிக்காரர்களை வைத்து நிரப்பவும் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் ஆய்வால் பயனில்லை. கைதியோடு காவலர் இல்லாமல் பேச வேண்டும்; யார் சமைக்கிறார், யார் கழிவறை கழுவுகிறார் என்ற வேலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

செய்தியாளருக்கும் கதவு திறக்க வேண்டும். மனு போட்டுப் பார்க்க வரும் குடும்பத்தார், விடுதலையாகி வருபவர்கள், வழக்கறிஞர்கள் என்று வெளியில் கிடைக்கும் வாய்வார்த்தைகளைத் திரட்டித்தான் இன்று சிறையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பேசிய கைதிக்குப் பின்னால் என்ன நேருமோ என்ற பயம் வேறு. செய்தியாளர் எந்த நிபந்தனையில் சிறைக்குள் போகலாம், எத்தனை நாளில் அனுமதி தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று தமிழக அரசு தெளிவான விதியை வெளியிடட்டும். பேசியதற்காகக் கைதியைப் பழிவாங்கும் அதிகாரிக்கு என்ன தண்டனை என்பதும் அதே விதியில் இருக்கட்டும். அதற்கு முன்னால், பாளையங்கோட்டையில் இன்று எந்தப் பகுதியில் யார், எந்த அடிப்படையில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைச் சிறைத்துறை எழுத்துமூலம் மக்கள் முன் வைக்க வேண்டும்.